ஆட்டக்காரச் சிப்பாயின் ஊரில்

வெள்ளி இரவு, லாட்டன்

டாலஸிலிருந்து கிளம்பவே காலை மணி பத்தாகிவிட்டது. விச்சிட்டா ஃபால்ஸ் வரை 287ஆம் நெடுஞ்சாலை, அப்புறம் வடக்கே திரும்பி சிவப்பாற்றைத் தாண்டினால் ஓக்லஹோமா. ஜூலை மாதம், ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். இருந்த கொஞ்சம் தண்ணீரும் செங்காவி நிறம். காரில் மனைவியும் நானும். பின் சீட்டில் இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில்கள்.

வந்த காரணம் சார்லஸ் சிபிட்டி என்ற மனிதர். கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். 1921 நவம்பர் 20இல் லாட்டனுக்குப் பக்கத்தில் மெடிசின் பார்க் அருகே பிறந்தார், 2005 ஜூலை 20இல் டல்சாவில் இறந்தார். நார்மண்டிக் கரையில் இறங்கி, ஜெர்மானியர்களுக்குப் பிடிபடாத தன் தாய்மொழியில் ராணுவச் செய்திகளைக் கடத்தியவர். போர் முடிந்து வந்து கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தார். பவ்வவ் என்ற பழங்குடி ஆட்டபாட்ட விழாக் களங்களில் ஃபேன்ஸி நடனம் ஆடிப் பரிசுகள் வாங்கினார். இப்படித் தாய்மொழியில் செய்தி கடத்திய நவஹோ இனத்து 'கோட் டாக்கர்'களை, அதாவது சங்கேதக்காரர்களைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் பசிபிக் பக்கம். கொமாஞ்சிகள் போனது ஐரோப்பாவுக்கு, அதுவும் ஒரு கைப்பிடி ஆட்கள். அதனால் பேச்சில் அவ்வளவாக அடிபடுவதில்லை.

அவர் நினைவு நாளை ஒட்டிய வாரக் கடைசியில்தான் பக்கத்து ஊரான வால்டர்ஸில் கொமாஞ்சிகளின் 'ஊர் திரும்பும்' பவ்வவ் நடக்கிறது. நாளைக்கு அங்கே. இன்று பகலில் லாட்டனில் இருக்கும் கொமாஞ்சி தேசிய அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 2007இல் திறந்தது, பெரிய கட்டடம் இல்லை. ஆனால் அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய இடம்.

படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1940 டிசம்பருக்கும் 1941 ஜனவரிக்கும் இடையில் 17 கொமாஞ்சி இளைஞர்களை ராணுவம் இதற்கென்றே சேர்த்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னால். ஜார்ஜியாவில் ஃபோர்ட் பென்னிங்கில் பயிற்சி. கொமாஞ்சி மொழியில் டாங்கி, பீரங்கி, குண்டுவீச்சு விமானத்துக்கெல்லாம் சொல் ஏது? அவர்களே உட்கார்ந்து ஏறக்குறைய 250 சங்கேதச் சொற்களை உண்டாக்கினார்கள். டாங்கி என்றால் ஆமை. இயந்திரத் துப்பாக்கி என்றால் தையல் மிஷின். குண்டுவீச்சு விமானம், கர்ப்பமான விமானம். ஹிட்லருக்கு வைத்த பெயர் பைத்தியக்கார வெள்ளைக்காரன். இன்னொரு கொமாஞ்சிக்காரர் தற்செயலாக ஒட்டுக்கேட்டால்கூட, ஆமையும் தையல் மிஷினும் சண்டை போடுகின்றன என்றுதான் நினைப்பார்.

14 பேர் ஐரோப்பா போனார்கள். 4ஆவது காலாட்படைப் பிரிவின் சமிக்ஞைக் கம்பெனியில் வேலை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் படகுகளைக் கடல் நீரோட்டம் இழுத்து, குறித்த இடத்திலிருந்து தள்ளி இறக்கிவிட்டது. சிபிட்டியின் உறவினரான லாரி சாப்பிட்டி என்ற கொமாஞ்சி வீரர் கரையிலிருந்து அனுப்பிய முதல் செய்தியின் சாரம்: நல்லபடியாக இறங்கிவிட்டோம், ஆனால் இறங்கியது தப்பான இடத்தில். செர்பூர், பாரிஸ், ஹர்ட்கென் காடு, பல்ஜ் என்று அந்தப் படைப்பிரிவு போன இடமெல்லாம் கடுமையான சண்டை. கொமாஞ்சிக்காரர்களில் காயம் பட்டவர்கள் உண்டு, ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் சங்கேதத்தை எதிரி உடைக்கவும் இல்லை.

இதே மொழியைப் பேசியதற்காகத்தான் சின்ன வயதில் சிபிட்டி தண்டனை வாங்கினார். ஃபோர்ட் சில் இந்தியப் பள்ளி என்று இதே லாட்டனில் இருந்த அரசாங்க உறைவிடப் பள்ளி அது. 1980இல் மூடினார்கள். வாயைக் கட்டப் பார்த்த அரசாங்கமே பின்னால் வந்து, 'உன் மொழியில் பேசு' என்று கேட்டதை அவர் பிற்காலத்தில் பல இடங்களில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். விடுதி ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. இடி என்று நினைத்தால் வானத்தில் மேகமே இல்லை. வரவேற்பறைப் பையனைக் கேட்டேன், தலையைத் தூக்காமல், 'ஃபோர்ட் சில்லில் சுடுகிறார்கள்' என்றான். 1869இல் கொமாஞ்சிகளையும் கயோவாக்களையும் அடக்குவதற்காகக் கட்டிய கோட்டை, இன்று பீரங்கிப் பயிற்சிக் கூடம். 1875 ஜூன் மாதம் குவானா பார்க்கர் தலைமையில் கடைசிக் கொமாஞ்சிக் கூட்டம் வந்து சரணடைந்தது இங்கேதான். அதற்கு அறுபத்தைந்து வருஷம் கழித்துப் பேரப் பிள்ளைகள் அதே ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

சனி, வால்டர்ஸ்

(எழுதி முடிக்கும்போது ஞாயிறு அதிகாலை ஆகிவிட்டது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வால்டர்ஸ் சின்ன ஊர். கடைத்தெரு என்று ஒன்று, கோதுமைக் கிடங்குகள், அப்புறம் சுல்தான் பார்க். மரத்தடியெல்லாம் கூடாரங்கள், சட்டம் நட்டுத் தழை போட்ட பந்தல்கள், வேன்கள். வருஷா வருஷம் அதே குடும்பம் அதே மரத்தடியில் இறங்குமாம். நடுவில் வட்டமான புல்தரை, அதுதான் களம். அதன் மையத்தில் முரசு. 1952இல் கொரியப் போரிலிருந்து திரும்பியவர்களை வரவேற்க ஆரம்பித்த விழா இது. நுழைவுக் கட்டணம் இல்லை. உட்கார இடமும் இல்லை, நாற்காலி நாம்தான் கொண்டுபோக வேண்டும். களத்தைச் சுற்றி முதல் வரிசையில் போர்வை போர்த்தி வைத்திருக்கும் நாற்காலிகள் ஆட்டக்காரர்களுடையவை. அதில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மதியம் நூற்றி நாலு டிகிரி வெயில். அந்த வெயிலில்தான் கோர்ட் (gourd, சுரைக்குடுக்கை) நடனம் ஆடினார்கள். கயோவா இனத்தவரிடம் மங்கிப்போய், 1950களில் திரும்ப உயிர்பெற்று, மற்ற இனங்களுக்கும் பரவிய ஆட்டம். போர் வீரர்களுக்கு உரியதாகப் பாவிக்கப்படுவது. ஆண்கள் தோளில் பாதி சிவப்பு, பாதி நீலமாக ஒரு போர்வை. வலது கையில் கிலுக்கு, இடது கையில் இறகு விசிறி. பாதி நேரம் நின்ற இடத்திலேயே முழங்காலை லேசாக மடக்கி மடக்கி எழுகிறார்கள், அவ்வளவுதான். முரசு அழுத்தி விழும்போது எல்லோரும் சேர்ந்து ரெண்டடி முன்னே வருகிறார்கள். பெண்கள் ஓரத்தில் குஞ்சம் வைத்த சால்வையோடு அதே தாளத்துக்கு அசைகிறார்கள். முதல் அரை மணி நேரம் 'இவ்வளவுதானா' என்றிருந்தது. அப்புறம் அந்தச் சீரே உடம்பில் ஏறிவிட்டது. மனைவியின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்ததை நான் சொல்லித்தான் கவனித்தாள்.

கிலுக்கைப் பக்கத்தில் பார்த்தேன். சுரைக்குடுக்கைதான் இருக்கும் என்று நினைத்தால், பலர் கையில் இருந்தது வெள்ளி நிற அலுமினிய உப்பு டப்பா. உள்ளே மணிகள், கீழே பாசிமணி கோத்த கைப்பிடி, நுனியில் தோல் குஞ்சம். 'சத்தம் இதில்தான் நன்றாக வரும்' என்றார் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். வியட்நாம் போருக்குப் போனவர் என்று தொப்பியில் எழுதியிருந்தது. எழுபது தாண்டியவர். மூன்று பாட்டுக்கு முரசைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார், எழுந்து வந்து இரண்டு பாட்டுக்கு ஆடுவார், அப்புறம் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் தண்ணீர் குடிப்பார்.

நான் அவரிடம், 'ஐயா, நீங்கள் பாடகரா, ஆட்டக்காரரா?' என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் பிடிபடவில்லை. பாட ஆள் குறைந்தால் பாடுவது, இல்லாவிட்டால் ஆடுவது, இதில் என்ன இருக்கிறது என்பது மாதிரி பார்த்தார். சிபிட்டியைப் பற்றிக் கேட்டேன். 'வயதான பிறகு பார்த்திருக்கிறேன். அந்த வயதிலும் நடக்கிற நடையில் தாளம் இருக்கும்' என்றார்.

கோர்ட் நடனம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, ஒரு குடும்பத்தைக் களத்துக்குள் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் போன வருஷம் இறந்துபோனார். ராணுவத்தில் இருந்தவர், முரசடியில் பாடியவர், ஆடியவர். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் களத்தில் இறங்குவதில்லை. துக்கம் முடிந்து இன்றைக்குத்தான் மறுபடியும் நுழைகிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம்.

அறிவிப்பாளர் மைக்கில் அவரைப் பற்றிப் பேசினார். எங்கே சண்டைக்குப் போனார், எந்தப் பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் இரண்டே வாக்கியம். மற்றதெல்லாம் அவர் குரலைப் பற்றி, எந்தப் பாட்டை எப்படி எடுப்பார் என்பதைப் பற்றி, ராத்திரி முழுக்கப் பாடிவிட்டுக் காலையில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்ததைப் பற்றி. கூட்டம் சிரித்தது. அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு பாட்டு இருக்கிறதாம். அதை முரசுக்காரர்கள் எடுத்தார்கள். மனைவி, மகள்கள், பேரன்கள் வரிசையாகக் களத்தைச் சுற்றி மெல்ல நடந்து வந்தார்கள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். ஒவ்வொருவராகக் களத்துக்குள் போய், அந்த அம்மாவின் கையைக் குலுக்கிவிட்டு, வரிசையின் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு ஒரு சுற்று முடிவதற்குள் வால் இத்தனை நீளமாகிவிட்டது. சிலர் அந்த அம்மாவின் காலடியில் டாலர் நோட்டுகளைப் போட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, 'என்ன உட்கார்ந்திருக்கிறீர்கள், போங்கள்' என்றார். போனோம். அந்த அம்மா இறுக்கமாகக் கையைப் பிடித்து, 'வந்ததற்கு நன்றி' என்றார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். துக்க வீட்டுக்காரர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புல்லில் ஒரு விரிப்பு, அதன்மேல் குவியலாக கம்பளிகள், சால்வைகள், துணிக்கூடை நிறைய மளிகைச் சாமான். தலைமைப் பாடகர், களத்தை நடத்துபவர், முதிய வீரர்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பையன்கள் என்று ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். முடிவில் 'இன்றைக்கு ரொம்ப தூரத்திலிருந்து வந்தவர் யார்?' என்றார் அறிவிப்பாளர். நான் குனிந்துகொண்டேன். பக்கத்துப் பெரியவர் எங்களைக் கையால் காட்டிவிட்டார். 'டாலஸ்தான்' என்று சமாளித்தேன். 'அதற்கு முன்னால்?' என்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மைதானமே கைதட்டியது. ஒரு சமையலறைத் துண்டும் பெரிய காபிக் குவளையும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

சாயங்காலம் எண்ணெயில் பொரித்த ரொட்டிமேல் பீன்ஸ், இறைச்சி, சீஸ் போட்ட 'இந்தியன் டாக்கோ' சாப்பிட்டோம். ஒன்று இரண்டு பேருக்குப் போதும். நாங்கள் ஆளுக்கொன்று வாங்கி அவஸ்தைப்பட்டோம்.

இருட்டும் நேரத்தில் ஊர்வல நுழைவு. முதலில் முதிய போர் வீரர்கள், கையில் கழுகிறகு கட்டிய கோலும் கொடிகளும். தொப்பியைக் கழற்றி எல்லோரும் நிற்கிறார்கள். பின்னால்தான் ஆட்டக்காரர்கள். அமெரிக்க அரசாங்கம் இவர்களுக்குச் செய்ததெல்லாம் தெரிந்தவனுக்கு, அந்தக் கொடிக்கு இத்தனை மரியாதையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் களம் எப்படிப் பிழைத்தது என்பதைப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. 1883இல் பழங்குடிகளுக்கென்று போட்ட குற்றச் சட்டத்திலேயே சடங்கு நடனங்களுக்குத் தண்டனை உண்டு. 1921 ஏப்ரலில் பழங்குடி விவகார ஆணையர் சார்லஸ் பர்க், நடனங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி 1665ஆம் எண் சுற்றறிக்கை அனுப்பினார். சிபிட்டி பிறந்தது அதே வருஷம். 1923இல் அதற்குத் துணையாக வந்த பரிந்துரையில், ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நடனத்துக்கே வரக் கூடாது என்றுகூட இருந்தது. கெடுபிடி தளர்ந்தது 1934இல், ஜான் காலியர் ஆணையராக இருந்தபோதுதான்.

ஆனால் இடையில் முதல் உலகப் போர் வந்தது. போருக்குப் போன பையன்கள் சீருடையோடு திரும்பியபோது, பழைய வெற்றி நடனங்களை ஊர்கள் திரும்ப எடுத்தன. அமெரிக்கக் கொடிக்காகச் சண்டை போட்டு வந்தவனை வரவேற்று ஆடுவதை எந்த அதிகாரி தடுக்க முடியும்? இரண்டாம் போருக்குப் பிறகு அது இன்னும் பெருகியது. சிப்பாய்தான் ஆட்டத்துக்கு உரிமச் சீட்டு. சிபிட்டி சண்டைக்கும் போனார், ஆட்டமும் ஆடினார் என்று நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது இங்கே செல்லுபடியாகாது.

கடைசியாக அவர் ஆடிய ஃபேன்ஸி நடனம். 1920களில் இதே ஓக்லஹோமாவில், போன்கா இனத்தவர் பக்கத்தில் உருவான ஆட்டம். கழுத்துக்குப் பின்னால் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு பெரிய இறகுச் சக்கரங்கள், நிறம் நிறமாக ரிப்பன்கள். கணுக்காலில் மணிகள். முதலில் நிதானம், அப்புறம் முரசு வேகம் பிடிக்கிறது. சுழற்சி, தாவல், குத்தவைத்து எழுதல். கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கடைசி அடி எங்கே விழும் என்பது பாடகர்கள் கையில். முரசு சட்டென்று நிற்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு மணி கூடுதலாகக் குலுங்கினாலும் போச்சு. பரதநாட்டியத்தில் ஜதியின் முடிப்பான தீர்மானத்தில் சமம் தப்பிய நட்டுவாங்கம் மாதிரி சபை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு பையன், இருபது இருக்கும், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி அரைச் சுற்று சுற்றிவிட்டான். பக்கத்துப் பெரியவர் 'ஆஹ்' என்றார். 'பாட்டைக் கேட்காமல் காலைப் பார்த்தான். பாடத் தெரிந்தவன் மாட்ட மாட்டான்.' நான் மதியம் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

ஞாயிறு, மெடிசின் பார்க், விச்சிட்டா மலைகள்

தூக்கம் போதவில்லை. பத்து மணிக்கு மெடிசின் பார்க். உருண்டைக் கற்களைப் பதித்துக் கட்டிய வீடுகள், நடுவில் ஓடை, அதில் குளிக்கும் குழந்தைகள். சுற்றுலா ஊர் ஆகிவிட்டது. சிபிட்டி பிறந்த இடம் என்று யாரும் இங்கே தேடி வருவதாகத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் கடைப் பெண்ணுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது, 'ஆமாம், கோட் டாக்கர்' என்றாள். அது போதும்.

விச்சிட்டா மலை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கார் போகும் சாலை உண்டு. காட்டெருமைகள் சாலை ஓரத்திலேயே மேய்கின்றன. வேட்டையில் அனேகமாக அழிந்துபோன பிறகு, 1907இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து 15 எருமைகளை ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ரயிலைப் பார்க்கக் குவானா பார்க்கரும் போயிருந்தார். ஒன்று எங்கள் காரை மறித்து நின்றுகொண்டு நகரவே இல்லை. ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் எட்டுப் பத்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. அது பாட்டுக்கு அசைபோட்டது. ஸ்காட் மலை உச்சிக்கு ஏறவில்லை, வெயில்.

கார் நின்ற நேரத்தில் மனைவி கேட்டாள்: 'சரி, அவருக்கு அரசாங்கம் எப்போதுதான் மரியாதை செய்தது?' அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். முதலில் செய்தது அமெரிக்கா இல்லை, பிரான்ஸ். 1989இல் அப்போது உயிரோடிருந்த மூன்று கொமாஞ்சிச் சங்கேதக்காரர்களுக்கு பிரெஞ்சு அரசு தேசியத் தகுதி விருதின் செவாலியே பட்டம் கொடுத்தது: சிபிட்டி, ரோடரிக் ரெட் எல்க், ஃபாரஸ்ட் கசனவாய்ட். 1999இல் பென்டகன், ராணுவ உளவுத் துறையின் நோல்டன் விருதைக் கொடுத்தபோது சிபிட்டி ஒருவர்தான் மிச்சம். இத்தனை வருஷம் ஏன் பிடித்தது என்று அங்கேயே கேட்டார். கூட இருந்தவர்கள் இதைப் பார்க்க இல்லையே என்று வருத்தப்பட்டார். 2008இல் நாடாளுமன்றம் நவஹோ தவிர்த்த மற்ற எல்லா இனத்துச் சங்கேதக்காரர்களுக்கும் தங்கப் பதக்கம் கொடுக்கச் சட்டம் போட்டது. வாஷிங்டனில் விழா நடந்தது 2013இல். அவர் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. விழா நாள் நவம்பர் 20. உயிரோடிருந்தால் அன்றைக்கு அவருக்குத் தொண்ணூற்றிரண்டு.

'திட்டம் போட்டு வைத்தார்களா, தற்செயலா?' என்றாள். தற்செயலாகத்தான் இருக்கும், 33 இனங்களுக்கும் சேர்த்து நடந்த விழா அது. வாஷிங்டனில் யாரும் ஒரு கொமாஞ்சிக் கிழவரின் பிறந்த நாளைப் பார்த்துத் தேதி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வால்டர்ஸில் என்றால் பார்த்திருப்பார்கள்.

எருமை நகர்ந்ததும் கிளம்பி, இருட்டுவதற்குள் டாலஸ் வந்து சேர்ந்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: விழா ஜூலை நடுவில், வெள்ளி முதல் ஞாயிறு வரை. வால்டர்ஸில் தங்க இடம் குறைவு, லாட்டனில் தங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டலாம். நாற்காலி, தொப்பி, நிறையத் தண்ணீர் கட்டாயம். மதுபானம் உள்ளே கூடாது. அறிவிப்பாளர் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் நேரங்களில் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மற்ற நேரத்திலும் ஆட்டக்காரரிடம் கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. சில்லறை டாலர் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பப் பாட்டு எடுக்கும்போது தேவைப்படும்.